‘டெய்லி ஹெரால்டு’ பட்ட பாடு

லண்டன் மாநகரில் பிளீட் தெரு என்றொரு தெரு உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய தினசரிகள் அத்தெருவிலும் அதனை ஒட்டிய சந்துகளிலுமே அச்சாகி வந்தன. மந்திரிசபைகளை ஏற்றவும் இறக்கவும் வல்ல பத்திரிகை முதலாளிகள் அங்கே கொலுவீற்றிருந்தனர். அவர்கள் நடுவே, கையில் முதல் இல்லாமலும் பிரபுக்களின் தயவு இல்லாமலும் ஒரு தொழிலாளர் தினசரி தோன்றி, ஒரு மகாயுத்தத்தையும் தாண்டி நின்றது. அதன் பெயர் ‘டெய்லி ஹெரால்டு’. அதற்கு உயிராக இருந்தவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. யுத்த காலத்தில் சர்க்காரால் அதனை வாய்மூடச் செய்ய இயலவில்லை. சமாதான காலத்தில் அதன் சொந்தக் கணக்குப் புத்தகமே அதன் சுதந்திரத்தைப் பறித்துக்கொண்டது. இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதே நாம் இங்குச் சொல்லப் புகுவது.

1911-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வேலை நேரத்தைக் குறைக்க வேண்டுமென்று லண்டன் அச்சுக்கோப்புத் தொழிலாளர்கள் போராடத் தொடங்கினார்கள். முதலாளிகளின் பத்திரிகைகள் முதலாளிகளின் பக்கத்தையே எழுதின. அதற்கு விடை சொல்ல இவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கோ சுரங்கத் தொழிலாளிக்கோ இல்லாத சௌகரியம் அது. எழுத்துக் கோப்பதும் அச்சடிப்பதும் அவர்களுடைய கைத்தொழிலே அல்லவா? ஜனவரி 25-ஆம் தேதி தங்கள் வேலைநிறுத்தச் செய்திகளைத் தாங்களே அச்சிட்டு ஒரு தாளாக வெளியிட்டார்கள். போராட்டம் முடிந்ததும் தாளும் நின்றது. ஆயினும் அதன் ருசி தொழிலாளர் தலைவர்களை விட்டுப் போகவில்லை. துறைமுகத் தொழிலாளர் தலைவர் பென் டில்லெட்டும் லான்ஸ்பரியும் வேறு சிலரும் கூடி, 300 பவுன் மட்டுமே முதலாகக் கொண்டு, 1912 ஏப்ரல் 15-ஆம் தேதி அதனை நிரந்தரத் தினசரியாகத் தொடங்கிவிட்டனர். ஒரு தினசரியை நடத்த லட்சக்கணக்கான பவுன் வேண்டுமென்று கருதப்பட்ட ஊரில் 300 பவுன்! பிளீட் தெருவார் சிரித்ததில் ஆச்சரியமில்லை.

அன்று விடியற்காலையில்தான் டைட்டானிக் கப்பல் கடலில் மூழ்கியது. அடுத்த நாட்களில் மற்றப் பத்திரிகைகள் கப்பலோடு மாண்ட கோடீசுவரர்களின் பெருமைகளைப் பத்தி பத்தியாக எழுதின. புதிதாய்ப் பிறந்த ஹெரால்டோ, மூன்றாம் வகுப்பில் சென்ற ஏழைகளின் பெண்டு பிள்ளைகள் எத்தனை பேர் பிழைத்தார்கள், முதல் வகுப்பில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்குக் கேட்டது. பிறந்தபோதே அதன் குணம் இன்னதென்று தெரிந்துவிட்டது.

லான்ஸ்பரி கிழக்கு லண்டனில் ஏழைகளிடையே வாழ்ந்தவர். அழுத்தமான கிறிஸ்தவ பக்தர். மதத்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நம் நண்பர்கள் இதற்காக அவரை ஒதுக்கிவிட வேண்டாம். பக்தியைக் கொண்டு ஏழையை அடக்கியவர்கள் உலகில் அநேகர். அதே பக்தியைக் கொண்டு ஏழைக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் சிலரே. லான்ஸ்பரி அச்சிலரில் ஒருவர். 1910-இல் பார்லிமெண்டு அங்கத்தினரான அவர், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்பதற்காக 1912-இல் தம் பதவியை ராஜினாமா செய்து, அதே கேள்வியை முன்வைத்து மறுபடியும் தேர்தலுக்கு நின்று தோற்றார். அடுத்த ஆண்டு அதே பெண்ணுரிமைக்காகப் பேசி ஜெயில் சென்று உண்ணாவிரதம் இருந்தார். ஹெரால்டின் தலைமைப் பொறுப்பு 1913-ஆம் ஆண்டின் இறுதியில் அவரிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு வலக்கையாக வாய்த்தவர் வில் டைசன் என்ற ஆஸ்திரேலியச் சித்திரக்காரர். முழுப் பக்கத்தை அவருக்குக் கொடுத்து, மனத்தில் தோன்றியதை வரைக என்று விட்டுவிட்டார்கள். கொழுத்த வயிறும் பட்டுத் தொப்பியுமாக அவர் வரைந்த முதலாளியைக் கண்டு, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் விஷயத்தை உணர்ந்துகொண்டான்.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. அதுவரை யுத்தம் வந்தால் உலகத் தொழிலாளர் யாவரும் ஒன்றுபட்டு எதிர்ப்போமென்று மாநாடுகளில் தீர்மானம் போட்டிருந்த தலைவர்களிற் பலர், ஒரே வாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் மேடைகளில் ஏறிவிட்டனர். ஹெரால்டைத் தொடங்கிய பென் டில்லெட்டே அவ்வாறு ஏறினார். லான்ஸ்பரி ஏறவில்லை. விற்பனை சரிந்தது, செலவு ஏறியது. செப்டம்பர் மாதக் கடைசியில் தினசரி நின்று வாரப் பத்திரிகையாயிற்று.

இது தோல்வியென்றே அப்போது எல்லோரும் எண்ணினர். நம் அபிப்பிராயத்தில் அதுவே அதனைப் பிழைக்க வைத்தது. தினசரிக்கு இரவும் பகலும் தந்திச் செய்தி வேண்டும், தினந்தோறும் அச்சுக்கூலி வேண்டும், விடிவதற்குள் ரயிலேற்றும் ஏற்பாடு வேண்டும். வாரப் பத்திரிகைக்கு வேண்டுவது சொல்லுவதற்கு ஒரு விஷயமும் அதைச் சொல்லும் துணிவுமே. யுத்த களத்துச் செய்தியைத் தணிக்கை அதிகாரியின் கையிலிருந்து பெற்று அச்சிடும் கடமை அதற்கு இல்லை. ஆகவே மற்றவர்கள் எழுதாததையே எழுத அதற்கு இடம் கிடைத்தது.

1916-இல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. கொல்ல மாட்டோமென்று மறுத்தவர் ஏறக்குறைய 16,000 பேர். அவர்களை ஊரே கோழைகளென்று தூற்றியபோது ஹெரால்டு அவர்கள் பக்கம் நின்றது. அதே சமயத்தில், போர்முனைக்குச் சென்ற சிப்பாயின் மனைவிக்குச் சரியான படி கொடு, கை கால் இழந்து வந்தவனுக்குப் பென்ஷன் கொடு என்றும் அதுவே கேட்டது. யுத்தத்தை எதிர்த்த பத்திரிகையைச் சிப்பாய்களும் படித்ததன் இரகசியம் இதுதான். இதனை நம்மவர் கவனித்தல் நலம். கொள்கையை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, அக்கொள்கையில் சிக்கிய ஏழையையும் சேர்த்து ஏசுவது எளிது. லான்ஸ்பரி அதைச் செய்யவில்லை.

சர்க்காரின் கையில் அப்போது தேசப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. கிளாஸ்கோ நகரத்துச் சோஷலிஸ்டு வாரப் பத்திரிகையான ‘பார்வர்டு’, மந்திரி லாயிட் ஜார்ஜ் அங்குள்ள தொழிலாளர் கூட்டத்தில் பட்ட அவமானத்தை உள்ளது உள்ளபடி அச்சிட்ட குற்றத்துக்காக, 1916 ஜனவரியில் சில வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஹெரால்டுக்கும் அக்கத்தி தலைக்குமேல் தொங்கிக்கொண்டே இருந்தது, விழவில்லை.

யுத்த காலத்து ஹெரால்டில் மிகவும் பேர்பெற்றது 1917 நவம்பர் மாதத்தில் வந்த ஒரு செய்தியாகும். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்ததால் இங்கிலாந்தில் உணவு அருகிவிட்டது. ரொட்டியைச் சிக்கனமாகப் புசியுங்கள் என்று சர்க்கார் உபதேசம் செய்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் சமமாக அளந்து கொடுக்கும் பங்கீட்டு முறையோ இன்னும் வரவில்லை. வெண்ணெய்க்கும் தேயிலைக்கும் ஏழைப் பெண்கள் குளிரில் கடைவாசலில் மணிக்கணக்காக வரிசை நின்றனர். அச்சமயம் ஹெரால்டின் ஆட்கள் ரிட்ஸ் என்ற பெரிய ஹோட்டலுக்குச் சென்று, பணக்காரரைப் போல அமர்ந்து, கேட்டதையெல்லாம் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். ரொட்டியும் குறையவில்லை, பாலாடையும் குறையவில்லை, வகை வகையாய் வந்த பதார்த்தங்களும் குறையவில்லை. மறுபடியும் கேட்டால் மறுபடியும் வந்தது. திரும்பி வந்து சாப்பிட்டது இன்னது, கொடுத்தது இவ்வளவு என்று ஒன்று விடாமல் அச்சிட்டு, ரிட்ஸ் ஹோட்டலில் பட்டினி கிடக்கும் விதம் இதுதான் என்று கேலியாகத் தலைப்பும் இட்டார்கள். நாடெங்கும் கொதிப்பு உண்டாயிற்று. அச்செய்தி துண்டுப் பிரசுரமாகவும் பரவிற்று. அடுத்த ஆண்டில் பங்கீட்டு முறை வந்தது. அது இந்த ஒரு செய்தியால்தான் வந்தது என்று நாம் சொல்லவில்லை; கடைவாசலில் வளர்ந்த வரிசைகளே அதற்கு முதற்காரணம். ஆனால் வரிசையில் நின்றவளுக்குத் தான் எதற்காக நிற்கிறோமென்று சொல்லிக் கொடுத்தது ஹெரால்டுதான். ஆயிரம் தலையங்கம் எழுதி விளக்க முடியாததை ஒரு சாப்பாட்டுப் பில் விளக்கிவிட்டது.

யுத்தம் ஓய்ந்தது. 1919 மார்ச் 31-ஆம் தேதி ஹெரால்டு மறுபடியும் தினசரியாயிற்று. அகழிகளிலிருந்து திரும்பிய வாலிபர்கள் அதன் காரியாலயத்தில் வந்து சேர்ந்தனர். யுத்தக் கவிஞர் சீக்பிரீடு சசூன் அதன் இலக்கியப் பகுதிக்கு ஆசிரியரானார். மே மாதத்தில் ஒரு பெரிய குண்டு வெடித்தது. யுத்த இலாகா படைத் தளபதிகளுக்கு அனுப்பிய இரகசியச் சுற்றறிக்கை ஒன்று ஹெரால்டின் கைக்கு வந்து, அச்சேறிவிட்டது. உம்முடைய சிப்பாய்கள் வேலைநிறுத்தத்தை உடைக்க உதவுவார்களா, ரஷ்யாவுக்குப் போகச் சொன்னால் போவார்களா, அவர்களிடையே தொழிற்சங்க எண்ணம் பரவி வருகிறதா என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. அந்த இலாகாவின் மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில். ஜனநாயகத்தைக் காக்கப் போரிட்டு வந்தவனையே அவன் தகப்பனுக்கும் தமையனுக்கும் எதிராகத் திருப்ப முடியுமா என்று சர்க்கார் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது வெட்டவெளிச்சமாயிற்று.

அதே மாதத்தில் டைசன் வரைந்த படம் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. வெர்சேல்ஸில் சமாதான ஒப்பந்தத்தை வகுத்த வல்லரசுத் தலைவர்கள் நால்வரும் மண்டபத்தை விட்டு வெளியே வருகிறார்கள். முன்னே வரும் பிரெஞ்சுக் கிழவர் கிளெமென்சோ, எங்கோ ஒரு குழந்தை அழுவது போல் கேட்கிறதே என்கிறார். தூணுக்குப் பின்னால் ஒரு குழந்தை ஆடையின்றி நின்று அழுகிறது. அதன் தலைக்குமேல், 1940-ஆம் ஆண்டில் பட்டாளத்துக்கு வரவேண்டிய வகுப்பு என்று குறித்திருக்கிறது. அந்த ஒப்பந்தம் அடுத்த யுத்தத்தின் விதை என்பதை 1919-இலேயே, ஏறக்குறைய ஆண்டு தவறாமல் சொன்ன படம் அது.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். நாம் கறுப்பு நிறத்தவரானதால் இதனை மூடி மறைக்க நியாயமில்லை. 1920 ஏப்ரலில் ஹெரால்டின் முதற் பக்கத்தில் ஈ. டி. மொரெல் என்பவரின் கட்டுரை வந்தது. இந்த மொரெல் சாதாரண மனிதரல்லர். பெல்ஜிய மன்னன் காங்கோவில் ரப்பருக்காக ஆப்பிரிக்கர்களின் கையை வெட்டிய கொடுமையை உலகறியச் செய்த உத்தமர். யுத்தத்தை எதிர்த்து ஜெயில் சென்றவர். அவரே, ஜெர்மனியின் ரைன் பிரதேசத்தில் பிரான்சு தன் ஆப்பிரிக்கச் சிப்பாய்களை நிறுத்தியதைக் கண்டிக்கப் புகுந்து, கறுப்பர் அனைவரையும் அடங்காத காமவெறி கொண்ட மிருகங்களாகச் சித்திரித்து எழுதினார். பிரான்சின் அக்கிரமத்தைக் கண்டிக்க அவருக்குக் கிடைத்த ஆயுதம் கறுப்பனின் மானம்! அப்போது லண்டனில் இருந்த ஜமைக்கா தேசத்துக் கவிஞர் கிளாடு மக்கே ஒரு மறுப்புக் கடிதம் எழுதி ஹெரால்டுக்கு அனுப்பினார். லான்ஸ்பரி அதைப் போடவில்லை. சில்வியா பாங்கர்ஸ்டு அம்மையார் நடத்திய ‘வொர்க்கர்ஸ் டிரெட்நாட்’ என்ற சிறு பத்திரிகையே அதை வெளியிட்டது. ரிட்ஸ் ஹோட்டலுக்குள் எட்டிப்பார்த்த கண்ணுக்குத் தன் வீட்டு முற்றம் தெரியாமற் போயிற்று.

லான்ஸ்பரி நம்மவரின் பகைவரல்லர். 1925-இல் இந்தியாவுக்குச் சுயாட்சி கோரும் மசோதாவைப் பார்லிமெண்டில் கொண்டுவந்தவர் அவரே. ஆனால் 1929-இல் அவர் மந்திரியாக இருந்த தொழிற்கட்சி சர்க்கார், மீரத் சதி வழக்கில் இந்தியத் தொழிற்சங்கத்தாரைக் கூண்டில் நிறுத்தியதைக் கைவிடவில்லை. 1932-இல் ஐரோப்பாவில் சுற்றுப்பிரயாணம் செய்த பெரியார் ஈ. வெ. ரா., இங்கிலாந்தில் லான்ஸ்பரியும் கலந்துகொண்ட தொழிலாளர் கூட்டத்திலேயே அக்கட்சி இந்தியத் தொழிலாளருக்குச் செய்த துரோகத்தை எடுத்துரைத்தது வாசகர்களிற் பலர் அறிந்த செய்தியே.

இனிக் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். தினசரியான ஹெரால்டு மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. விற்பனை பெருகினால் லாபம் பெருகும் என்றுதானே எண்ணுவோம்? தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்கு இது பாலபாடம். ரப்பர் மிகுதியாக வந்தால் அடக்கச் செலவு குறையும். துரையும் சிரித்த முகமாக இருப்பார். பத்திரிகைக் கணக்கு அப்படியன்று. ஒரு பிரதி ஒரு பென்னிக்கு விற்கப்பட்டது. யுத்தத்துக்குப்பின் காகித விலை தாறுமாறாக ஏறியிருந்தது. காகிதம், மை, அச்சுக்கூலி, ஏஜெண்டின் கமிஷன் எல்லாம் போக, அந்த ஒரு பென்னி பிரதியின் அடக்கத்துக்கே போதாது. மற்றத் தினசரிகள் அந்தப் பள்ளத்தை விளம்பரப் பணத்தால் நிரப்பின. ஹெரால்டுக்கு விளம்பரம் கொடுப்பார் இல்லை. தங்களைத் திட்டும் பத்திரிகைக்கு முதலாளிகள் ஏன் கொடுக்கப் போகிறார்கள்? அதன் வாசகர்களும் உரோம அங்கியும் மோட்டார் வண்டியும் வாங்குகிறவர்களல்லர். ஆகவே ஒவ்வொரு பிரதி கூடும்போதும் நஷ்டம் கூடிற்று. வெற்றியே வியாதியாயிற்று.

இந்த நெருக்கடியில்தான் ரஷ்யப் பணம் வாசலில் வந்து நின்றது. ஹெரால்டின் டைரக்டர்களுள் ஒருவரான பிரான்சிஸ் மெய்னெல், ரஷ்யப் புரட்சி சர்க்காரின் இரத்தினங்களையும் முத்துக்களையும் இரகசியமாக இங்கிலாந்துக்குள் கொண்டுவந்தார். சாக்லேட்டு மிட்டாய்க்குள் பதித்தும் வெண்ணெய்ச் சாடிக்குள் புதைத்தும் அவை வந்தன. துப்பறியும் நாவல் அன்று, நடந்த கதை. 1920 ஆகஸ்டில் சர்க்கார் தான் இடைமறித்த தந்திகளை வெளியிட்டு, ஹெரால்டு மாஸ்கோவின் கூலி என்று முழங்கிற்று. செப்டம்பரில் ஹெரால்டு செய்த காரியம் வேறெந்தப் பத்திரிகையும் செய்திராதது. 75,000 பவுன் ரஷ்யப் பணம் தயாராக இருக்கிறது, வாங்கலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று தன் முதற் பக்கத்தில் வாசகர்களையே கேட்டது. முடிவில் பணம் மறுக்கப்பட்டது. மெய்னெல் டைரக்டர் பதவியைத் துறந்தார். அந்த 75,000 பவுன் இருந்திருந்தால் ஹெரால்டு மேலும் சில காலம் தாக்குப் பிடித்திருக்கும். ஆனால் அதன் பிறகு அது எழுதும் ஒவ்வொரு வரிக்கும் விலை கூறப்பட்டிருக்கும். மறுத்தது சரியே என்பது நம் எண்ணம்.

மறுத்தபின் ஒரே வழிதான் இருந்தது. அக்டோபரில் விலையை இரண்டு பென்னியாக உயர்த்தினார்கள். முதலாளித்துவப் பத்திரிகை ஒரு பென்னி. தொழிலாளர் பத்திரிகை இரண்டு பென்னி! வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கிய காலம் அது. அவ்விலை கொடுத்தும் வாங்கினவர்கள் பலர். ஆனால் நின்றுவிட்டவர்களும் அநேகர். தொழிற்சங்கங்கள் கடன் பத்திரம் வாங்கி முட்டுக் கொடுத்தன. இதற்கிடையில் 1921-இல் லான்ஸ்பரி மறுபடியும் ஜெயிலில் இருந்தார். பாப்ளார் நகரசபையின் ஏழை ஜனங்கள்மீது அநியாய வரி விதிக்க மறுத்து அங்கத்தினர் 30 பேர் சிறை புகுந்த வழக்கு அது. ஆசிரியர் சிறையில், பத்திரிகை கடனில். 1922-இல் ஹெரால்டு தொழிற்சங்கக் காங்கிரசின் கையிலும் தொழிற்கட்சியின் கையிலும் ஒப்படைக்கப்பட்டது.

அன்றோடு அது சுதந்திரப் பத்திரிகையாக இருந்த கதை முடிந்தது. வேலைநிறுத்தம் நடந்தால் அதை நடத்தும் தலைவர்களையும் தட்டிக்கேட்ட பத்திரிகை, அத்தலைவர்களின் சொத்தாயிற்று. 1929-இல் அதன் நூற்றுக்கு 51 பங்கு ஓடம்ஸ் கம்பெனிக்குப் போயிற்று. 49 பங்கு மட்டும் தொழிற்சங்கக் காங்கிரசிடம் நின்றது. கொள்கையைச் சங்கத்தார் பார்த்துக்கொள்வர், வியாபாரத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. ஓடம்ஸுக்கு ‘பீப்பிள்’ என்ற ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை இருந்தது. மற்ற ஆறு நாட்களும் அதன் யந்திரங்கள் சும்மா கிடந்தன. யந்திரத்துக்கு வேலை வேண்டும், சங்கத்துக்குப் பத்திரிகை வேண்டும். இந்தக் கலியாணத்தை முடித்து வைத்தவர் எர்னஸ்டு பெவின். வீடு வீடாக ஆளனுப்பி, டிக்கன்ஸ் நாவல்களையும் கலைக்களஞ்சியங்களையும் சந்தாதாரர்களுக்கு வாரி வழங்கி, 1933-இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பிரதி விற்ற முதல் தினசரியாக அதனை ஆக்கினார்கள். அப்போதும் அது பெரிய லாபம் காணவில்லை. 1935-இல் தொழிற்கட்சி மாநாட்டில், யுத்தம் கூடாதென்று நின்ற கிழவர் லான்ஸ்பரியை மேடையிலேயே தாக்கித் தலைமைப் பதவியிலிருந்து விலகச் செய்தவரும் அதே பெவின்தான். லான்ஸ்பரி 1940 மே 7-ஆம் தேதி காலமானார். மூன்று நாள் கழித்து ஜெர்மானியப் படை மேற்கு ஐரோப்பாவுக்குள் பாய்ந்தது. டைசன் வரைந்த குழந்தைக்கு அப்போது பட்டாளத்து வயது.

இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகும் ஹெரால்டு இருந்தது. 1964-இல் அது மூடப்பட்டபோது அதைப் படித்தவர்கள் 47 லட்சம் பேர். ‘டைம்ஸ்’, ‘பைனான்ஷியல் டைம்ஸ்’, ‘கார்டியன்’ மூன்றையும் படித்தவர்களை ஒன்றாகக் கூட்டினாலும் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் இவர்கள் வயதானவர்கள், கூலிக்காரர்கள். விளம்பரக்காரர் விரும்பும் வாசகர்களல்லர். நாட்டில் விற்கும் தினசரிகளில் நூற்றுக்கு 8 பங்கு அதனுடையது. விளம்பர வருமானத்திலோ நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் அதற்குக் கிடைத்தது. 1920-இல் லான்ஸ்பரி கண்ட அதே பள்ளம்.

செப்டம்பர் 15-ஆம் தேதி அது ‘சன்’ என்று பெயர் மாறி வெளிவந்தது. 1969-இல் ரூபர்ட் மர்டாக் என்ற ஆஸ்திரேலிய முதலாளி அதை வாங்கினார். 1986 ஜனவரி 24-ஆம் தேதி அவருடைய அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறக்குறைய 5,500 பேர் வேலையிலிருந்து தள்ளப்பட்டனர். ‘சன்’ பிளீட் தெருப் பக்கத்தை விட்டு, முள்வேலி சூழ்ந்த புதிய அச்சகத்துக்குக் குடிபோயிற்று. அச்சகம் இருந்த இடம் வாப்பிங்; லான்ஸ்பரி வாழ்ந்த அதே கிழக்கு லண்டன்.